கூடையில் நடந்த இலை

ஒன்பதாம் நம்பர் லயம்,
ரிங்லெட், கேமரன் மலை.
22-10-1978, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சாரதாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அப்பா, உன் அப்பாவின் இருமல், ஆறு கோழி எல்லாரும் மாரியாத்தா பார்வையில் சௌக்கியமாக இருக்கிறோம். நீயும் அந்தச் சீமைக் குளிரில் சளிகிளி பிடிக்காமல் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கவேண்டும் என்று அவளையே கேட்டுக்கொள்கிறேன், உன்னைக் கேட்டால் நீ கேட்கவா போகிறாய். இந்தக் கடிதம் தீபாவளிக்கு முன்னால் வந்து சேர்ந்தால் அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி, பின்னால் வந்து சேர்ந்தால் அப்போதும் வைத்துக் குளி, எண்ணெய்க்குத் தேதி தெரியாது.

எழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, கோழி கிளறியது இல்லை, இது உன் அம்மாவின் சொந்தக் கை. இதுவரை உனக்கு வந்த கடிதம் எல்லாம் நான் சொல்லச் சொல்ல உன் அப்பா எழுதியது. நீயும் மூன்றாம் வகுப்பு வரை போனவள்தானே, நீயே எழுதக்கூடாதா என்று அவர் கேட்கும்போதெல்லாம், உங்கள் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது, அதைப் பார்த்தால்தான் பிள்ளைக்குச் சந்தோஷம் என்று சொல்லிவிடுவேன். ஆம்பிளைக்கு அது போதும், உடனே பேனாவைத் தேடுவார். உண்மை என்னவென்றால் எனக்குக் கிட்டத்தில் இருப்பது எதுவும் தெரியாமல் போய் இரண்டு வருஷம் ஆகிறது. எதிர் மலையில் ஒரு ஆள் நடந்து போனால் அது யார், தோளில் இருப்பது மண்வெட்டியா குடையா என்று சொல்லிவிடுவேன், கையில் இருக்கிற அரிசியில் கல் எது என்று தெரியாது. உன் அப்பா கல்லைக் கடித்துவிட்டுக் கடைக்காரரைத் திட்டுவார், நானும் சேர்ந்து திட்டுவேன். நீ கடிதத்துக்குக் கடிதம் அம்மா கண் எப்படி இருக்கிறது, ஊசியில் நூல் கோர்க்க முடிகிறதா என்று நர்சம்மா மாதிரி கேட்டாய். கோர்க்கிறேன் கோர்க்கிறேன் என்று எழுதச் சொன்னேன். விரலில் வெட்டுக்காயம் என்று சொல்லிப் பக்கத்து வீட்டு வேலாயியிடம் கொடுத்துத்தான் கோர்த்து வாங்கினேன், இரண்டு வருஷமாக ஆறாத வெட்டுக்காயம். கோபப்பட்டுக் கடிதத்தைக் கீழே வைத்துவிடாதே, சேதி இனிமேல்தான் இருக்கிறது.

போன கடிதத்தில் நீ கூடப் படிக்கிற பிள்ளைகளோடு ஏதோ ரிசர்வுக்கு, பூச்சி பறவைக்கென்று விட்டுவைத்த இடமாம், போனதாக எழுதியிருந்தாய். குளம், நாணல், பலகை போட்ட பாதை, இலை எல்லாம் மஞ்சளாகி விழுகிற காலம், பூச்சிகள் கடைசியாக ஒரு தடவை வெயில் காய்ந்துவிட்டு அடங்கிப்போகும் என்று எழுதியிருந்தாய், சிலந்தி வலை பூராவும் பனித்துளி கோர்த்திருந்தது என்றாய், காட்டு வாத்துக் கூட்டம் தெற்கே பறந்து போனது என்றாய். உன் அப்பா அதை இரண்டு தடவை வாசித்தார், இரண்டாம் தடவை குரல் வேறு மாதிரி இருந்தது. அந்தப் பிள்ளைகள் உன்னிடம் உங்கள் ஊர்க் காட்டில் என்ன பூச்சி இருக்கும் என்று கேட்டார்களாம், நீ முழித்துக்கொண்டு அட்டை இருக்கும் என்றாயாம், அட்டை பூச்சியே இல்லை என்று அவர்கள் சிரித்தார்களாம். நன்றாக வேண்டும். இருபது வருஷம் காட்டுக்கு அடியில் வளர்ந்துவிட்டு உனக்குத் தெரிந்தது உன் ரத்தத்தைக் குடித்தது மட்டும்தான். ஆனால் கடைசியில் நீ, அம்மா நீயாவது பார்த்து எழுது, ஒன்பதாம் நம்பர் மலைக்கு மேலே ரிசர்வ் காடு இருக்கிறதே, தினமும் அதன் ஓரத்தில்தானே தேயிலைக் கொழுந்து எடுக்கிறாய் என்று கேட்டிருந்தாய். அந்த வரியை உன் அப்பா வாசித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பார்த்து எழுது என்றால் நான் எங்கே போய்ப் பார்ப்பேன்.

அதே நேரத்தில் இங்கே எனக்கு வேறு ஒரு தொல்லையும் ஓடிக்கொண்டிருந்தது, அதை உன்னிடம் சொல்லவில்லை. துரை புதுசாக ஒரு சட்டம் போட்டிருக்கிறார். ஒருத்தி கூடையில் மூன்று தடவை முத்தல் இலை பிடிபட்டால் அவளுக்குக் கொழுந்து வேலை கிடையாது, அடிவாரத்தில் புல்லுவெட்டுக்குப் போகவேண்டும். நான் இந்த மலையில் இருபத்தொன்பது வருஷமாகக் கொழுந்து எடுக்கிறவள், காட்டை ஒட்டின அந்தக் கடைசி நிரை பதினைந்து வருஷமாக என்னுடையது. ஒரு பக்கம் வேலாயி, ஒரு பக்கம் செல்லம்மா, நடுவில் என் வாய். புல்லுவெட்டில் ஆளுக்கு ஒரு மூலையில் தனியாகக் குனிந்து கிடக்கவேண்டும், பேச்சுத் துணைக்கு உன்னுடைய அட்டைதான். கண் இல்லாமல் எப்படிக் கொழுந்து எடுத்தாய் என்று கேட்பாய். விரல்தான். இரண்டு இலையும் ஒரு மொட்டும் இளசாக இருந்தால் பட்டென்று ஒடிந்து வரும், முத்தல் என்றால் நார் மாதிரி இழுக்கும், விரல் அதை விட்டுவிடும். ஆனால் விரலுக்கும் வயசாகும் போலிருக்கிறது. ஆகஸ்டில் ஒரு தடவை, செப்டம்பரில் ஒரு தடவை நிறுவையில் கங்காணி என் கூடைக்குள் கையை விட்டு முத்தல் என்று எடுத்துப் போட்டார், கணக்கெழுதுகிற கிராணி புத்தகத்தில் எழுதிக்கொண்டார். கங்காணி வேறு யாரும் இல்லை, உன் சிங்காரம் மாமாதான். அண்ணே அண்ணே என்று நான் எவ்வளவு குழைந்தாலும் வேலை நேரத்தில் அவருக்கு உறவு கிடையாது. மூன்றாவது தடவை வந்தால் நிரை போய்விடும் என்று எனக்கு ராத்திரி பகல் அதே நினைப்பு, வெளியே மட்டும் வழக்கம்போல எல்லாரையும் கேலி செய்துகொண்டு திரிந்தேன்.

போன வாரத்துக்கு முந்தின வாரம் வெள்ளிக்கிழமை. முந்தின நாள் ராத்திரி பெரிய காற்று, காட்டு மரத்துத் தழை எல்லாம் நம் தேயிலைச் செடி மேல் விழுந்து கிடந்தது. மத்தியானம் நிறுவையில் என் முறை வந்தது. சிங்காரம் மாமா கூடைக்குள் கையை விட்டார், துழாவினார், ஒரு இலையை எடுத்தார், உள்ளங்கை நீளம், நல்ல முத்தல், ஓரம் எல்லாம் பழுப்பு. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, ‘பாஞ்சாலை, இது என்னா? கொழுந்தா, ஆட்டுக்கு ஒடிச்ச தழையா?’ என்றார். கிராணி பென்சிலை எடுத்துவிட்டார். அப்போது பின்னாலிருந்து வேலாயி, ‘அண்ணே, அதுக்குக் காலு இருக்குண்ணே’ என்றாள். அவர் அந்த இலையை மூக்குக்கு நேராகக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, ‘காம்பைப் பாத்து காலுங்கிற, உன்னையும் சேத்துதான் புல்லுவெட்டுக்கு அனுப்பணும்’ என்றார். சொல்லி வாய் மூடவில்லை, அந்த இலை ஆடியது. காற்று ஒரு பொட்டு இல்லை, காற்றில் ஆடுகிற மாதிரியே இப்படியும் அப்படியும் ஆடிவிட்டு, ஒரு காலை எடுத்து அவர் கட்டைவிரலில் வைத்தது. பிறகு இன்னொரு கால். அப்படியே நடந்து மணிக்கட்டுக்குப் போய் அவருடைய கைக்கடிகாரத்து மேல் ஏறி நின்றுகொண்டது, நேரம் பார்க்க வந்த மாதிரி.

சிங்காரம் மாமாவை நீ பார்த்திருக்கவேண்டும். பாம்பைக் கையால் பிடித்து வீசுகிறவர், கையை நீட்டின மேனிக்குக் கற்சிலை மாதிரி நின்றுவிட்டார், உதடு மட்டும் அசைந்து, ‘எடுங்க லா, யாராச்சும் எடுங்க லா’ என்று மெதுவாக வந்தது. முப்பது பொம்பிளைகளும் முதலில் ஓடினார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு எல்லாரும் சுற்றி வந்து நின்று பார்த்தார்கள். செல்லம்மாதான் முந்தானையில் அதை ஏந்தி வாங்கினாள். கிராணி, இது இலை இல்லை, பூச்சி, பூச்சிக்கு என் புத்தகத்தில் பத்தி கிடையாது என்று பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். மாமாவுக்கு வந்த வெட்கத்தில், முன்னே பிடித்த இரண்டும் இந்த மாதிரி சனியனாகத்தான் இருந்திருக்கும், அதையும் அழித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். கிராணியும் அழித்துவிட்டார். என் நிரை எனக்கே நின்றுவிட்டது. எல்லாரையும் விட நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

ஆனால் சாரதா, உனக்கு மட்டும் சொல்கிறேன், எனக்கு அது தெரியவே இல்லை. வேலாயி அந்தப் பூச்சியை என் முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து, இங்கே பாருங்கக்கா நரம்பு ஓடுது, இங்கே பாருங்கக்கா கண்ணு, சின்னப் புள்ளி மாதிரி என்று காட்டுகிறாள். எல்லாரும் வாயில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நானும் வாயில் கையை வைத்துக்கொண்டு அம்மாடி அம்மாடி என்றேன். எனக்குத் தெரிந்தது ஒரு பச்சை அழுக்கு. என் கூடையில் வந்த பூச்சி, என் விரல் பறித்த பூச்சி, இந்த மலையே அதிசயமாகப் பார்க்கிறது, நான் ஒருத்தி மட்டும் பார்க்கவில்லை. புல்லுவெட்டுக்குப் போயிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது என்று அப்போது தோன்றியது. பழைய பிஸ்கட் டின்னில் ஓட்டை போட்டு, கொய்யா இலை போட்டு, அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உன் அப்பா அதோடு பேசிக்கொண்டிருந்தார், என்னோடு கூட அவ்வளவு பேசமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து லோரியில் சாமான் வாங்க ரிங்லெட்டுக்குப் போகும்போது டின்னையும் மடியில் வைத்துக்கொண்டு போனேன். நூர்தீன் பாய் கடையில் உனக்குத் தெரியுமே, சேதி கொண்டுபோகிறவர்களுக்குக் கோப்பியில் பால் கொஞ்சம் கூட விழும். பாய் டின்னைத் திறந்து, இலைதானே இருக்கு என்றார். பாய் வீட்டு மைமூன் அக்கா எட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்குள்ளேயே ஓடிவிட்டார். பாய் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார், ஒரு காது கழன்று நூல் கட்டினது, அதை மாட்டிக்கொண்டு குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். அடுப்பில் ரொட்டி கருகுகிற வாசனை வந்தது, அவர் நிமிரவில்லை. கடைசியில், ‘படைச்சவன் வேலைக்கு அவசரமே இல்ல, பாத்தீங்களா தங்கச்சி’ என்றார். நான் விளையாட்டுக்குச் சொல்கிற மாதிரி, குடுங்க பாய், உங்க கண்ணாடி எனக்கு அழகா இருக்கான்னு பாப்போம் என்று வாங்கி மாட்டினேன்.

அம்மா சாரதா, என்னத்தைச் சொல்லுவேன். முதலில் டின்னுடைய ஓரம் தெரிந்தது, துரு ஒவ்வொரு பொட்டாகத் தெரிந்தது. பிறகு இலை. நடுவே தண்டு மாதிரி ஒரு கோடு, அதிலிருந்து இரண்டு பக்கமும் நரம்பு பிரிந்து பிரிந்து போகிறது. ஓரத்தில் புழு கடித்த மாதிரி அரைவட்டம், கடித்த இடம் காய்ந்து பழுப்பான மாதிரி பழுப்பு, மேலே பூஞ்சணம் பிடித்த மாதிரி இரண்டு வெள்ளைப் பொட்டு. எதுவும் கடிக்கவில்லை, எதுவும் காயவில்லை, அது பிறந்ததே அப்படி. காலில் கூடக் குட்டி இலை ஒட்ட வைத்திருக்கிறது, ஆறு காலிலும். மிளகளவு தலை, அதில் இரண்டு கண். பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அது கொய்யா இலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே என்று கத்தரிக்கிற மாதிரி தின்றது. தின்ற இடம் அதனுடைய சொந்த உடம்பின் ஓரம் மாதிரியே அரைவட்டமாக வந்தது. ஒரு இலையை முழுசாகச் செய்தாலே போதுமே, கடிபட்ட இலையாகச் செய்யவேண்டும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும், யார் உட்கார்ந்து அந்தப் பழுப்பைத் தடவியிருப்பார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கண்ணாடிக்கு உள்ளே தண்ணீர் வந்தால் துடைக்க முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. பாய் பயந்துபோய், என்னா தங்கச்சி பவர் ஒத்துக்கலையா என்றார். ஒத்துக்கிச்சு பாய் என்றேன்.

நாலு கடை தள்ளிச் சீனர் மருந்துக் கடையில் ஒரு தட்டு நிறையக் கண்ணாடி வைத்திருக்கிறார். நான் ஒவ்வொன்றாக மாட்ட, அவர் ஒரு ஊசியையும் நூலையும் கையில் கொடுத்தார். நாலாவது கண்ணாடியில் முதல் குத்திலேயே கோர்த்துவிட்டேன். தெரிகிறதா என்று மலாயில் கேட்டார், நான் ஊசியைத் தூக்கிக் காட்டினேன், கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கறுப்புச் சட்டம் போட்ட அதையே வாங்கிக்கொண்டேன், கணக்கு வாத்தியார் மாதிரி இருக்கிறேன். வீட்டுக்கு வந்து உன் அப்பா முகத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். அவர் ஏன் என்று கேட்டார், எல்லாவற்றையும் முதல் நாளே பார்த்துவிட்டால் நாளைக்கு என்ன செய்வது என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலமே டின்னை எடுத்துக்கொண்டு நானும் அவரும் என் நிரைக்குப் போனோம். காட்டு ஓரத்தில், மரம் வெட்டாதே எதையும் பிடிக்காதே என்று எழுதி வைத்த பலகைக்குப் பக்கத்தில் ஒரு மரத்துக் கிளையில் பூச்சியை விட்டேன். ஏறிக்கொண்டது, நாலு அடி நடந்தது, ஆடியது. உன் அப்பா இருமினார், நான் திரும்பி அவரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன், அது இல்லை. அதே கிளை, அதே இலை, கண்ணாடி மூக்கு மேல் இருக்கிறது, இருவருமாகத் தேடினோம், வெளிச்சம் போகிற வரைக்கும் தேடினோம். அங்கேதான் இருக்கிறது, எங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது, தெரியவில்லை. பதினைந்து வருஷம் அந்த இடத்தில் நின்று நான் யார் யாரைப் பற்றியோ பேசியிருக்கிறேன், எத்தனை இலை கேட்டுக்கொண்டிருந்ததோ.

திங்கட்கிழமை எனக்கு மனசு ஒப்பவில்லை. முன்னே பிடித்த இரண்டும் முத்தல் இலைதான், எனக்குத் தெரியும், அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் விரலைப் பிசைந்து பார்த்து நொந்துகொண்டேன். அதையும் அந்த வாயில்லாத பூச்சி தலையில் ஏற்றிவிட்டு நான் நிரையில் நிற்பது சரியாகப் படவில்லை. சொன்னால் மறுபடியும் எழுதுவார்கள், மூன்றாவதுக்கு மறுபடியும் வாசல் திறந்திருக்கும். இருந்தாலும் தேத்தண்ணி நேரத்தில் சிங்காரம் மாமா தனியாகக் காட்டு ஓரம் நின்றபோது போய், அண்ணே அந்த ரெண்டும் பூச்சி இல்லேண்ணே, எனக்குக் கண்ணு தெரியாமப் போச்சு என்று சொல்லி, மடியிலிருந்து கண்ணாடியை எடுத்துக் காட்டினேன். அவர் திட்டுவார் என்று பார்த்தேன். சுற்றும் முற்றும் பார்த்தார். கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். தன் உள்ளங்கையைப் பார்த்தார். பக்கத்துச் செடியில் ஒரு இலையைப் பறித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ‘இங்க பாரு பாஞ்சாலை, அந்த ரெண்டும் முத்தலா இல்லையான்னு எனக்கே தெரியாது. கையில தடவினேன், முரடா இருந்துச்சு, அவ்வளவுதான்’ என்றார். எனக்கு வந்த சிரிப்பை அடக்கத் தலைத்துணியை வாயில் திணித்துக்கொண்டேன். மூக்குக்கு நேராக வைத்துக்கொண்டு காலைக் காம்பு என்றாரே, அப்போதே எனக்குத் தோன்றியிருக்கவேண்டும். எடுக்கிறவளுக்கும் தெரியாது, பிடிக்கிறவருக்கும் தெரியாது, இரண்டு குருட்டுக் கையும் ஒரே கூடைக்குள். ‘சிரிக்காத. பதினோரு வருசமா கங்காணி நான்’ என்றார், சொல்லிவிட்டு அவரும் சிரித்துவிட்டார். அழித்தது அழித்தபடி இருக்கட்டும் என்றார், வெளியே சொல்லாதே என்றார். சீமைக்கு எழுதினால் வெளியே சொன்னதாகாது என்று நானே முடிவு செய்துகொண்டேன். இன்றைக்கு லோரியில் வெங்காயம் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனார், திரும்பும்போது வெங்காயப் பைக்குள் ஒரு கறுப்புச் சட்டக் கண்ணாடி இருந்தது.

இந்த ஒரு வாரமாக நான் பார்த்ததை எழுத இந்தத் தாள் போதாது. நம் ஊரில் இலை விழுகிற காலம் என்று ஒன்று இல்லை, மழை பிடித்துக்கொள்கிற காலம்தான், உன் பூச்சிகள் அடங்குகிற நேரத்தில் இங்கே எல்லாம் வெளியே வருகிறது. காலையில் உன் அப்பா ராத்திரி வேலை முடிந்து வருகிறபோது தேயிலை பேக்டரிக்குப் போய்ப் பார்க்கவேண்டும். ராத்திரி விளக்குக்கு வந்த விட்டில் எல்லாம் வெள்ளைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், நான் இத்தனை நாள் அதைக் கரி என்று நினைத்துக் கடந்து போயிருக்கிறேன். ஒன்று மரப்பட்டை மாதிரி, ஒன்று பறவை எச்சம் மாதிரி, ஒன்றுக்கு இறக்கை கண்ணாடிச் சில்லு மாதிரி ஊடாகத் தெரிகிறது, இரண்டு கை அகலத்துக்கு ஒன்று, அதன் இறக்கை நுனியில் பாம்புத் தலை எழுதியிருக்கிறது, சிங்காரம் மாமா அதைப் பார்த்தால் மறுபடியும் சிலையாகிவிடுவார். கொம்பு வண்டு ஒன்று படியில் மல்லாந்து கிடந்தது, ஒரு குச்சியால் புரட்டி விட்டேன், வயிற்றில் அத்தனை ரோமம், தலைவாரிவிட்ட மாதிரி. தேயிலைச் செடி நடுவே ஒரு சிலந்தி, எள்ளளவு, நான் பார்க்கக் குனிந்தால் அதுவும் திரும்பி நிமிர்ந்து என்னைப் பார்க்கிறது, எனக்கு இரண்டு கண்ணாடி, அதற்கு நெற்றி நிறையக் கண். யாருக்கு யார் அதிசயம் என்று தெரியவில்லை. வால் ஆட்டுகிற மஞ்சள் வயிற்றுக் குருவி ஓடைக்கு வந்துவிட்டது, ரிங்லெட் கம்பியில் தகைவிலான் குருவி வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. நீதான் எல்லாம் தெற்கே போகிறது என்று எழுதினாயே, அங்கிருந்து கிளம்பினதில் எது இங்கே வந்ததோ, போகிற வழியில் என் மகளைப் பார்த்தாயா என்று தினமும் கேட்கிறேன், வாலை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறது. கருங்குரங்கு மலைக்கு மேலே ஊளையிடுவது மட்டும் பழையபடியேதான், அதற்குக் கண்ணாடி தேவையில்லை. கொழுந்து எடுக்கும்போது கண்ணாடி உதவாது, பனி வந்து வெள்ளையாக மூடிவிடுகிறது, அதனால் அதைக் கயிறு கட்டிக் கழுத்தில் போட்டுக்கொள்கிறேன், விரலையே நம்புகிறேன், கூடையைக் கொண்டுபோகும் முன் மாட்டிக்கொண்டு ஒரு தடவை கிளறிப் பார்க்கிறேன். அந்தப் பிள்ளைகளிடம் சொல், அட்டை பூச்சி இல்லைதான், மற்றதைச் சொல்ல ஒரு ஆயுசு வேண்டும், எங்கள் அம்மா இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறாள் என்று.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் உட்கார்ந்தேன், வழக்கம்போல வேறு எங்கோ போய்விட்டேன். அந்த ரிசர்வில் எடுத்தது என்று ஒரு படம் அனுப்பியிருந்தாயே, முருகன் படத்துச் சட்டத்தில் செருகி வைத்திருக்கிறேன். லயத்து வீடு எல்லாவற்றுக்கும் போய்க் காட்டிவிட்டேன், என் மகளைப் பார், என் மகளைப் பார் என்று. எனக்கு அதில் தெரிந்தது ஒரு நீலக் கோட்டு மட்டும்தான். நீ புறப்பட்ட அன்றைக்கு சுபாங் விமான நிலையத்தில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாயே, அப்போது உன் முகம் எனக்குத் தெரியவில்லை சாரதா, அவ்வளவு கிட்டத்தில் இருந்தது. நீ போய் விமானத்துப் படி ஏறித் திரும்பினபோதுதான் தெரிந்தது. இன்றைக்குக் காலையில் படத்தை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் வைத்துக் கண்ணாடி மாட்டிப் பார்த்தேன். கன்னம் வற்றியிருக்கிறது, புருவத்துக்கு மேலே அந்தப் பழைய தழும்பு அப்படியே இருக்கிறது, சிரிப்பு உன் அப்பாவுடையது. ரொம்ப நேரம் பார்த்தேன். பிறகுதான் பார்த்தேன், உன் கோட்டின் இடது கையில், முழங்கைக்குக் கொஞ்சம் மேலே, ஒரு சிவப்புத் தும்பி உட்கார்ந்திருக்கிறது. நாலு இறக்கையையும் விரித்துக்கொண்டு, நீ குத்திக்கொண்ட நகை ஊசி மாதிரி, சுகமாக வெயில் காய்கிறது. நாணலை எழுதினாய், வலையை எழுதினாய், வாத்தை எழுதினாய், அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. நீ கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறாய், படம் எடுத்த பிள்ளைக்கும் தெரியவில்லை, பார்த்த நாலு பேருக்கும் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் கண் பார்க்கச் சொல்கிற நர்சம்மா, உன் கையில் இருந்த பூச்சியை உன் அம்மா இங்கே ரிங்லெட்டில் உட்கார்ந்து பார்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது. நீ அங்கே தனியாக நின்றதாக நினைத்திருப்பாய், இல்லை, அது உன் பக்கத்தில் இருந்திருக்கிறது.

மாரியாத்தா உன்னைக் கண்ணிமையில் வைத்துக் காக்கட்டும், படிப்பு நல்லபடியாக முடியட்டும், நூறு வருஷம் சிரித்த முகமாக இரு. சாப்பாட்டைக் குறைக்காதே, அந்தக் கன்னத்தை நான் பார்த்துவிட்டேன், இனி என்னிடம் ஒளிக்க முடியாது. கோட்டை மாட்டும் முன் ஒரு தடவை உதறிப் பார், உள்ளே யாராவது இருப்பார்கள். அடுத்த படத்தைக் கொஞ்சம் பெரிசாக எடுத்து அனுப்பு.

உன்னைக் கிட்டத்தில் பார்த்துவிட்ட சந்தோஷத்தில்,
உன் அம்மா,
த. பாஞ்சாலை

(பக்கத்தில் இருக்கிற கோடு உன் அப்பா தங்கையா கையெழுத்து, நான் போட விடவில்லை என்று பிடுங்கிப் போட்டார். இது முத்து முத்தாகவா இருக்கிறது, நீயே பார்த்துச் சொல்.)